அயர்லாந்துத் தடையும் எதிர்வீட்டு வாசற்படியும்

“இன்னொரு வாட்டி சொல்லு! என் புள்ளைக்குப் பொண்ணு இல்லன்னு என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு!”

“இல்லன்னுதானே சொல்லிக்கிட்டிருக்கேன்? எழிலரசி படிக்கிறா. தலைமுறை தலைமுறையா சொந்தத்துலயே கட்டிக்கிட்டு வர்றோம், இனிமே வேணாம்னு டாக்டரே சொல்றாரு.”

“டாக்டரு! அவ பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுகிட்டு, ‘இந்தா சந்திரா, ஒன் மருமவள புடி’ன்னு என் கையில குடுத்தியே, அன்னிக்கு எங்க போனாரு ஒன் டாக்டரு?”

திருப்பாதிரிப்புலியூரில், எங்கள் தெருவில், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில் நடந்தது இது. கறிக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் பையோடு அப்படியே நின்றுவிட்டார்கள். நான் மாடியில் காய்ந்துபோன துணியையே திரும்பத் திரும்ப உதறிக்கொண்டிருந்தேன். வாசலுக்கு உள்ளே நின்றவள் சந்திரலேகா. வெளியே நின்றவர் அவள் அண்ணன் அறிவழகன். இரண்டு வீடும் எதிரெதிர். நடுவில் தார் ரோடு, ஒரு சாக்கடை, என் வீட்டு மாடியிலிருந்து நல்ல பார்வை.

சந்திரலேகாவின் வீட்டுக்காரர் கலியமூர்த்திக்குப் பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் வேலை. வாரம் முழுக்க அங்கே, ஞாயிறு மட்டும் இங்கே. அந்த ஒரு நாளும் இப்படி விடிந்ததே என்று பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“விடு சந்திரா. தெருவே பாக்குது.”

“பாக்கட்டும்! தெருவுக்கும் தெரியட்டும்!” அவளுக்குப் பிறவியிலேயே வாய்த்த குரல் அது. ஸ்டேஷனில் ரயில் அறிவிப்பு கேட்காத நாளிலும் சந்திரலேகா காய்கறிக்காரனிடம் பேரம் பேசுவது கேட்கும். “கேட்டுக்க அறிவழகா. இனிமே நீ எனக்கு அண்ணனும் இல்ல, ஒண்ணும் இல்ல. இந்த வாசப்படிய நீ மிதிச்சா, அன்னிக்கு இந்த வூட்ல என் பொணந்தான் கெடக்கும்! ஆமா!”

கதவு சாத்திய சத்தத்தில் கலியமூர்த்தியின் பேப்பர் கீழே விழுந்தது.

இந்த வசனம் சொல்லப்படாத வீடு எங்கள் தெருவில் கிடையாது. நானே என் நாத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த பொங்கலுக்கு அவள் வந்து, வயிறு முட்டத் தின்று, ஒரு தூக்கு நிறையச் சர்க்கரைப் பொங்கல் வாங்கிக்கொண்டு போனாள். நான் சாகவில்லை. இதற்கெல்லாம் ஒரு முறை இருக்கிறது. ஏதாவது ஒரு காதுகுத்தோ காய்ச்சலோ வரும். யாராவது ஒருவர் கையைப் பிடித்து இழுத்து வருவார். இரண்டு பேரும் மூக்கைச் சிந்துவார்கள். நடுவில் காப்பி வரும். அவ்வளவுதான். சபதம் போட்டவளுக்கே என்ன சபதம் போட்டோம் என்று மறந்திருக்கும்.

அறிவழகன் மட்டும் மறக்கவில்லை. அதற்குக் காரணம் அயர்லாந்து.

அறிவழகனைச் சொல்ல வேண்டும். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் ஆங்கில வாத்தியார். தினமும் காலைப் பாசஞ்சரில் போய், சாயங்காலம் திரும்புவார். ஒருநாள் கீழ வீதிப் பக்கம் பழைய பேப்பர் கடை ஒன்றில், இறந்துபோன யாரோ பேராசிரியர் வீட்டிலிருந்து வந்த மூட்டையில், தடியாக ஒரு புத்தகம் கண்ணில் பட்டது. நூறு வருஷத்துக்கு மேல் பழசு. பூச்சி அரித்த அட்டை, தொட்டால் உதிரும் தாள். உள்ளே, அயர்லாந்துப் பக்கத்தில் வாழ்ந்த கெல்ட் என்று ஒரு ஜனம், அவர்களுடைய சாமி, பூசாரி, ராஜா, சடங்கு. அந்தக் காலத்து வெள்ளைக்கார அறிஞர் ஒருவர் எழுதியது. பக்கத்தில் பாதிதான் விஷயம், மீதிப் பாதி எறும்பு ஊர்வதுபோல் அடிக்குறிப்பு. மனிதர் அதில் விழுந்தவர் எழவேயில்லை. அந்த அடிக்குறிப்பு வேறொரு புத்தகத்தைச் சொல்லும். இவர் அதை இன்டர்நெட்டில் தேடி, மேல வீதி ஜெராக்ஸ் கடையில் அச்சடித்து, ஸ்பைரல் போட்டுக்கொண்டு வருவார். அது இன்னொன்றைச் சொல்லும். இப்படியே வீட்டுப் பீரோவிலிருந்து கலைமணியின் புடவைகள் வெளியே வந்தன, அயர்லாந்து உள்ளே போனது. கலைமணி அவர் மனைவி. அரசுப் பள்ளி டீச்சர், அதிகம் பேசமாட்டாள். பேசினால் வலிக்கும்.

காலேஜ் பிள்ளைகள் அவருக்குக் கெல்டிக் சார் என்று பெயர் வைத்தார்கள். நாங்களும் அதையே வைத்துக்கொண்டோம்.

எனக்குக் கதை கேட்க ஆசை, அவருக்குச் சொல்ல ஆள் வேண்டும். பால் வாங்கப் போகும் நேரத்தில் நான் அவர் வாசலில் நின்றால் போதும். அப்படிக் கேட்டதில் எத்தனையோ தெரிந்துகொண்டேன். மேட்டுக்குள்ளே ஒரு ஜனம் வாழ்கிறதாம், அவர்கள் கொடுப்பதைத் தின்றவன் ஊர் திரும்ப மாட்டானாம். குளிர்காலம் பிறக்கிற ராத்திரியில் செத்தவர்கள் வீட்டுக்கு வருவார்களாம், அவர்களுக்குச் சோறு வைக்க வேண்டுமாம். “நம்ம ஊரு அமாவாசைப் படையல்தான், போங்க சார்” என்றேன். அவர் மகிழ்ந்துபோய் அதற்கு ஓர் அடிக்குறிப்பு சொன்னார்.

அதில் அவருக்குப் பிடித்தது தடை. அவர்கள் பாஷையில் ‘கெஷ்’ என்று பேர். ஒவ்வொரு ராஜாவுக்கும் வீரனுக்கும் ஒரு தடை உண்டு. இன்னதைச் செய்யக் கூடாது, செய்தால் சாவு. ஒரு ஊர் ராஜா, சூரியன் உதிக்கும்போது தன் தலைநகரில் படுக்கையில் கிடக்கக் கூடாது. ஒரு வீரன் நாய்க்கறி தின்னக் கூடாது, ஆனால் அடுப்பங்கரையில் யார் சாப்பிடக் கூப்பிட்டாலும் மறுக்கவும் கூடாது. வழியில் மூன்று பொம்பளைகள் நாய்க்கறியைச் சுட்டு வைத்துக்கொண்டு ‘வாப்பா, ஒரு வாய்’ என்று கூப்பிட்டார்கள்.

“அப்புறம்?”

“அப்புறம் என்னா, செத்தான். தின்னாலும் சாவு, தின்னலன்னாலும் சாவு. அதாங்க சௌந்தரம் இதுல நுணுக்கமே. அதுவும் தடைய ஒரு பொம்பள வாயால போட்டுட்டா, ஜாஸ்தி பலம். தப்பவே முடியாது.”

“நம்ம தெருவுல எந்த ஆம்பளையும் மிஞ்ச மாட்டான் சார் அப்புறம்” என்றேன். சிரித்தார். அப்போதெல்லாம் சிரிப்பார்.

இன்னொன்றும் சொன்னார். அந்த ஊர்ப் பூசாரிகள் தங்கள் வித்தை எதையும் எழுதி வைக்க மாட்டார்களாம். இருபது வருஷம் ஆனாலும் வாயால் சொல்லிக் காதால் கேட்டுத்தான் படிப்பு. வாயால் சொன்னதற்குத்தான் உயிர், எழுதினால் அது செத்துவிடும். எழுத்தை நம்பாதே என்பதை எழுத்தில் படித்து வந்து ஒரு மனிதர் எனக்குச் சொன்னார், நானும் பால் செம்போடு கேட்டுக்கொண்டிருந்தேன்.

சண்டை நடந்தது ஆனி மாசம். தீபாவளிக்குக் கலைமணி ஒரு தட்டில் முறுக்கும் அதிரசமும் வைத்து எதிர்வீட்டுக்குப் போனாள். தட்டு காலியாகத் திரும்பவில்லை, ரவா லட்டோடு வந்தது. ஆக, கோபம் பாதி இறங்கிவிட்டது என்று தெருவே கணக்குப் போட்டது. அறிவழகன் மட்டும் ரோட்டைத் தாண்டவில்லை. சந்திரலேகாவின் மகன் அருண்குமார் பெங்களூரிலிருந்து லீவில் வந்தவன், “மாமா, அம்மாதான் ஏதோ கத்திடுச்சு, வாங்க” என்று கூப்பிட்டும் பார்த்தான்.

“வரேன்டா. வரேன்” என்றார். வரவில்லை.

பொங்கல் கழிந்து சந்திரலேகாவுக்குத் தொண்டை கம்மியது. கத்திக் கத்தித்தான் என்று நாங்கள் கேலி செய்தோம். மாசி மாசம் சோறு இறங்கவில்லை. புதுச்சேரிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். தொண்டையில் கட்டி. கட்டி என்று சொல்லும்போதே கலியமூர்த்தி தரையைப் பார்த்ததில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

இந்த இடத்தில், நான் சொன்ன அந்த முறைப்படி, கெல்டிக் சார் ஓடியிருக்க வேண்டும். அண்ணன் தங்கச்சி இரண்டே பேர். ஆத்தா அப்பன் கிடையாது. ஆனால் மனிதர் என்ன செய்தார்? புத்தகத்தை எடுத்தார். காலேஜுக்கு லீவு போட்டு, சிதம்பரத்துக்கும் வீட்டுக்குமாக ஸ்பைரல் கட்டுகளைச் சுமந்தார். ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பென்சிலும் கையுமாகப் படித்தார். அந்த ஜன்னலிலிருந்து பார்த்தால் தங்கச்சி வீட்டு வாசல் தெரியும்.

தெருவில் பேசாத பேச்சில்லை. கல்நெஞ்சு என்றார்கள், படிச்ச திமிர் என்றார்கள். உடம்பு சரியில்லாதவள் பெண்ணைக் கேட்டால் மறுக்க முடியாதே என்று பயந்து ஒளிகிறார் என்று சிலர் கண்டுபிடித்தார்கள். அதை முதலில் கண்டுபிடித்தது நான் என்று சொல்வார்கள். இருக்கலாம்.

பொறுக்க முடியாமல் நேரே கேட்டேன்.

“என்னா சார் இது? அங்க அவ மூக்குல குழா போட்டுகிட்டுக் கெடக்கறா. நீங்க இங்க அயர்லாந்து ராஜாவப் புடிச்சுகிட்டு...”

“தேடறேங்க” என்றார். கண்ணைச் சுற்றிக் கருப்பு. “ஒண்ணே ஒண்ணு. தடைய மீறியும் யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னு ஒரே ஒரு கதை. இந்தப் பெரியவங்க அத்தினி பேரும் அத்தினி கதையையும் சேத்து வச்சிருக்காங்க. இதுல ஒண்ணு கூடவா இருக்காது?”

“எந்தத் தடைய?”

“அன்னிக்கு நீங்கதான் மாடியில நின்னுகிட்டிருந்தீங்களே” என்றார்.

எனக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. வாசப்படிய மிதிச்சா என் பொணம். இவர் மிதித்தால் அவள் செத்துவிடுவாள். அதனால் மிதிக்கவில்லை! மிதிக்காத வரைக்கும் அவளுக்கு உயிர் இருக்கும் என்று, ரோட்டுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காவல் காக்கிறார். சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்தபின் சிரிக்க என்னால் முடியவில்லை.

“சார், அது நம்ம ஊரு பொம்பள வாய் சார். நானும்தான் சொல்லியிருக்கேன்...”

“அந்த ஊருப் பொம்பளைங்களும் நம்மள மாதிரி கோவத்துலதாங்க சொன்னாங்க.”

பிறகு ஒருநாள் அவரே என்னைக் கூப்பிட்டார். எங்கோ ஒரு ஸ்பைரல் கட்டுக்குள், அடிக்குறிப்புக்குள் அடிக்குறிப்பாக, தடையைப் போட்டவரே அதை எடுக்கலாம் என்று ஒரு கிழ அறிஞர் எழுதியிருக்கிறாராம். இன்னொரு கிழ அறிஞர் அதற்கு ஆதாரமில்லை என்று மறுத்திருக்கிறாராம். ஆனாலும் அவருக்கு அதுவே போதுமாக இருந்தது.

“நீங்க போய்க் கேளுங்க சௌந்தரம். ‘நான் சொன்னத எடுத்துக்கறேன்’னு ஒரு வார்த்த அவ சொல்லட்டும். இந்த ஜன்னல்லயே நின்னு கேட்டுக்கறேன். ஒடனே வந்துடறேன்.”

போனேன். சந்திரலேகா கட்டிலில் சாய்ந்திருந்தாள். டெட்டால் வாசனை, அதற்கடியில் வேறொரு வாசனை. கன்னம் உள்ளே போய், கண் மட்டும் பெரிதாக இருந்தது. விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவளின் தோள் குலுங்கிற்று. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்தாள். கழுத்துக் குழாயில் காற்று புஸ் புஸ் என்று வந்தது. முந்தின வாரம்தான் தொண்டையில் ஓட்டை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். அந்தக் குரல், ஸ்டேஷன் வரைக்கும் கேட்ட குரல், அதோடு போயிற்று. அது எனக்குத் தெரியும். கெல்டிக் சாருக்கும் யாரோ சொல்லியிருப்பார்கள். இரண்டு பேருமே அந்த நிமிஷம் அதை யோசிக்கவில்லை.

அவள் வாயைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. கையை நீட்டி வாசலைக் காட்டி, வா வா என்று அழைத்தாள். பிறகு காலண்டர் தாளைக் கிழிக்கச் சொல்லி, பின்பக்கத்தில் பேனாவால் எழுதினாள். ‘வா அண்ணா. சும்மா சொன்னேன்.’

கொண்டுபோய்க் கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். எழுத்தின்மேல் விரலை வைத்துத் தடவினார்.

“எழுதிக் குடுத்தது செல்லாதுங்களே” என்றார். “வாயால போட்டத வாயாலதான் எடுக்கணும்.”

எனக்கு வந்த கோபத்தில் நானும் ஒரு சபதம் போட்டிருப்பேன். வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். அதுவும் எனக்குப் புதுசு.

ஐப்பசியில் அடைமழை. ஆஸ்பத்திரியில் இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அருண்குமார் வந்துவிட்டான். கலியமூர்த்தி லீவு போட்டுவிட்டு வந்தார். சந்திரலேகாவுக்கு நினைவு வருவதும் போவதுமாக இருந்தது. இன்றைக்கு என்றார்கள், நாளைக்கு என்றார்கள். உறவுக்காரர்கள் வேனில் வந்து, இருந்து பார்த்து, ஊர் திரும்பி, மறுபடியும் வந்தார்கள். உயிர் போகவில்லை. கண் மட்டும் வாசலையே பார்த்துக் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் இதற்கு என்ன அர்த்தம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆசை வைத்த ஆள் வந்து, வாயில் இரண்டு சொட்டுப் பால் விட்டால்தான் உசிரு அடங்கும். மண்ணாசை என்றால் மண்ணைக் கரைத்து ஊற்றுவோம். இது மண்ணாசை இல்லை.

“அண்ணனுக்குத்தான் இழுத்துக்கிட்டுக் கெடக்குது” என்று முற்றத்தில் இருந்த பெண்கள் ஒரே குரலில் சொன்னோம். “அந்த மனுசன் வந்தாத்தான் போவும்.”

மத்தியானம், மழை சற்று விட்ட நேரம். கலியமூர்த்தி வெறுங்காலோடு ரோட்டைத் தாண்டிப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

“மச்சான். ஒன் கால்ல உழறேன். பொண்ணு குடுக்கலன்னு எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. அவளால தாங்க முடியல மச்சான். வந்து ரெண்டு சொட்டுப் பாலு ஊத்து. போயிடுவா.”

“அதுக்குத்தான் மாப்ள வரமாட்டேங்கறேன்!” அறிவழகன் கத்தினார். அவர் கத்தி அன்றுதான் கேட்டேன். “நான் வந்தா போயிடுவா! ஒங்களுக்கு ஏன் புரியல?”

“அதாம்பா நாங்களும் சொல்றோம். நீ வந்தா போயிடுவா.”

இரண்டு பேரும் ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்து நின்றார்கள். பீரோவிலிருந்து அயர்லாந்து முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. தின்றாலும் சாவு, தின்னவில்லை என்றாலும் சாவு என்று அந்த வீரன் கதையை இதே வாசலில் இவர் எனக்குச் சொன்னது ஞாபகம் வந்தது. நான் அன்று சிரித்ததும்.

உள்ளேயிருந்து கலைமணி வந்தாள். கையில் ஒரு டம்ளரில் பால், கக்கத்தில் மஞ்சள் பையில் ஒரு புதுப் புடவை. பிறந்த வீட்டுக் கோடி. கட்டிக்கொடுத்த பெண் செத்தால் அண்ணன் வீட்டிலிருந்து வரும் அந்தப் புடவையைப் போர்த்தாமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். எப்போது வாங்கி வைத்தாளோ.

“கலை, அவ செத்துடுவா” என்றார் அறிவழகன்.

“சாகணும்னுதாங்க கூப்பிடறாங்க” என்றாள். “எவ்ளோ நாளைக்குங்க அவ வாசலப் பாத்துகிட்டே கெடப்பா? எழுந்திரிங்க.”

எழுந்தார். தண்ணீர் தேங்கிய ரோட்டைத் தாண்டினார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். உள்ளே இருந்த அத்தனை பேரும் அவர் காலையே பார்த்தோம். மஞ்சள் பூசிய நிலைப்படி, மழை ஈரத்தில் நிறம் கரைந்திருந்தது. அருண்குமார், “வாங்க மாமா” என்றான். வலது காலை வைத்தார். நெருப்பில் வைப்பதுபோல் வைத்தார்.

சந்திரலேகா பார்த்தாள். அடையாளம் தெரிந்தது, அதில் சந்தேகமே இல்லை. கையைத் தூக்க முயன்று, விரல் மட்டும் அசைந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விரலைப் பிடித்துக்கொண்டார். “சந்திரா, நீ சும்மா சொன்னன்னு தெரியும்டா” என்றார். உள்ளே இறங்காது என்பதால் பாலைப் பஞ்சில் நனைத்து உதட்டில் ஒற்றினார். விளக்கு வைக்கும் முன்னே குழாயில் வந்துகொண்டிருந்த சத்தம் நின்றது.

அவர் அழவில்லை. திரும்பி எங்களைப் பார்த்தார். ரொம்ப நாளாகத் தேடிய ஆதாரம் கடைசியில் கிடைத்துவிட்டதுபோல் ஒரு பார்வை. “பாத்தீங்களா” என்றார், மெதுவாக. அவ்வளவுதான்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. எழவு வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் நாங்கள் அதையே சொன்னோம். “அண்ணன் வந்தாரு, போயிட்டா.” “படிய மிதிச்சாரு பாருங்க, அடங்கிடுச்சு.” “நீதாம்பா அவளக் கரையேத்துன” என்று பெரியவர்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். புகழ்ச்சியாகத்தான் சொன்னோம். நன்றியாகத்தான். ஒவ்வொருவர் சொல்லும்போதும் அவர் தலையாட்டினார், குற்றத்தை ஒப்புக்கொள்கிறவன்போல. “மச்சான், பெரிய புண்ணியம் பண்ணுன” என்று கலியமூர்த்தி தோளில் விழுந்து அழுதபோது, கட்டை மாதிரி நின்றார். கோடியை அவரேதான் போர்த்தினார். மறுநாள் கெடிலம் ஆற்றங்கரையில் எரித்தார்கள், மழைக்கு நடுவில், மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி.

அதன் பிறகு அவர் யார் வீட்டுப் படியையும் மிதித்து நான் பார்க்கவில்லை. என் வீட்டு மாடியில் புதிதாகக் கட்டிய அறையின் கிரகப்பிரவேசத்துக்கு வந்தார், கேட் ஓரமே நின்று மொய்யைக் கொடுத்துவிட்டுப் போனார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. உள்ளே என் மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்தார், அதை விசாரித்துவிட்டுத்தான் நின்றார்.

ஸ்பைரல் கட்டுகளைக் கலைமணி பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாள். பூச்சி அரித்த அந்த முதல் புத்தகத்தை மட்டும் அவர் கொடுக்கவில்லையாம்.

வருஷம் திரும்பியதும் கலியமூர்த்தி இந்த வீட்டைக் காலி செய்துகொண்டு பெண்ணாடத்துக்கே போய்விட்டார். இப்போது அங்கே எல்.ஐ.சி.யில் வேலை பார்க்கிற புருஷன் பெண்டாட்டி குடியிருக்கிறார்கள். சண்டையே போடுவதில்லை, பொழுதே போகவில்லை. அறிவழகனும் கலைமணியும் சிதம்பரத்தில் வடக்கு வீதியில் வாடகைக்குப் போனார்கள். எழிலரசிக்கு விருத்தாசலம் பக்கத்துப் பையன், கம்ப்யூட்டர் வேலை. கல்யாணமான கையோடு இரண்டு பேரும் டப்ளினுக்குப் போனார்கள். ஆமாம், அதே அயர்லாந்து. அக்கம்பக்கத்தில் விசாரித்தாளாம், தடை கிடை என்று அங்கே ஒருத்தருக்கும் ஒன்றும் தெரியாதாம். அப்பாவிடம் போனில் சொன்னாளாம். அவர் போனைக் கலைமணியிடம் கொடுத்துவிட்டாராம்.

அருண்குமார் கல்யாணம் போன தை மாசம், சிதம்பரத்தில்தான். பெண், அவனோடு வேலை பார்க்கிறவள், பண்ருட்டிக்காரி. தாய்மாமன் சீர்த்தட்டு வாசலுக்கு வந்துவிட்டது, தாய்மாமன் மண்டபத்துக்குள் வரவில்லை. எதிரே ஷேர் ஆட்டோ ஸ்டாண்டில் வேட்டி சட்டையோடு நின்றுகொண்டிருந்தார். அருண்குமார் மணவறையிலிருந்து இறங்கி, மாலையோடு ரோட்டுக்கு வந்து, ஹாரன் சத்தத்துக்கு நடுவில் அவர் கையால் மோதிரம் போட்டுக்கொண்டு காலில் விழுந்தான். மறுவாரம் பெண்ணை அழைத்துக்கொண்டு பெங்களூருக்குப் போய்விட்டான்.